குழி தோண்டினா கிணறு! - கொலராடோ சரளைக் குவாரிகளின் தண்ணிக் கணக்கு

மக்களே, முதல்ல ஒரு கேள்வி. உங்க சொந்த நிலத்துல, ஆத்தங்கரை ஓரமா, கல்லு எடுக்க ஒரு பெரிய குழி தோண்டுறீங்க. பத்து பதினஞ்சு அடியில ஊத்து வந்து குழி ரொம்பிடுது. நீங்க மோட்டார் போடல, பைப் போடல, ஒரு குடம் தண்ணி கூட யாருக்கும் விக்கல. தண்ணி பாட்டுக்கு வெயில்ல கிடக்குது. இப்ப சொல்லுங்க, நீங்க தண்ணி எடுத்தீங்களா இல்லையா?

"இல்லை"ன்னு தான் நம்மள்ள நிறைய பேர் சொல்லுவோம். அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல இந்தக் கேள்விக்கு கோர்ட், சட்டசபை எல்லாம் சேர்ந்து "எடுத்தீங்க, எடுத்ததை ஆத்துக்குத் திருப்பிக் கொடுங்க"ன்னு பதில் சொல்லியிருக்கு. அந்தப் பதில் வந்து சேர்றதுக்கு கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதை தான் இந்தப் பதிவு.

அடியேன் சிவில் இன்ஜினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டுற கோஷ்டி. காலேஜ்ல நீரியல் பாடத்துல ஆவியாதல் சூத்திரம் எல்லாம் மனப்பாடம் பண்ணினதோட சரி, அதுக்கு ஒரு பில் வரும்னு யாரும் சொல்லித் தரல. ஆன்சைட்ல டென்வர் பக்கம் கொஞ்ச காலம் ஆணி புடுங்கினப்போ, ஊருக்கு வடகிழக்குல பிரைட்டன், ஃபோர்ட் லப்டன் பக்கம் போற ரோட்டுல சவுத் பிளாட் ஆத்தை ஒட்டி வரிசையா ஏரிங்க. கட்டம் போட்ட மாதிரி நேர் கரை, சில ஏரி சதுரமாவே இருக்கும். இயற்கைக்கு எதுக்கு சதுரம் போடத் தெரியும்? விசாரிச்சா எல்லாம் சரளை தோண்டின குழிங்க. அங்க புடிச்ச கிறுக்கு, இன்னும் விடல.

முதல்ல அந்த ஊர் தண்ணிச் சட்டத்தோட அடிப்படை. 1859 வாக்குல தங்கம் தேடி ஜனங்க கொலராடோவுக்கு படையெடுத்தாங்க. தங்கம் கிடைச்சவன் கொஞ்சம் பேர், கிடைக்காதவன் நிறைய பேர். கிடைக்காதவங்க ஆத்துல வாய்க்கால் வெட்டி விவசாயம் பார்க்க ஆரம்பிச்சாங்க. ஆனா அது வறண்ட பூமி. டென்வர்ல வருஷத்துக்கு மொத்தமே 14, 15 அங்குலம் தான் மழை, அதுல பனியும் அடக்கம். எல்லாருக்கும் பத்தாது. அதனால சுரங்கத்துல இருந்த பழக்கத்தையே தண்ணிக்கும் கொண்டு வந்தாங்க: யார் முதல்ல எடுத்து உபயோகிச்சானோ அவனுக்கு முதல் உரிமை. 1876ல கொலராடோ மாநிலம் ஆனப்போ இது அரசியல் சட்டத்துலயே ஏறிடுச்சு. 1882ல காஃபின் - லெஃப்ட் ஹேண்ட் டிச் வழக்குல உச்சநீதிமன்றம் அதை அடிச்சு சொல்லிடுச்சு. ஆத்தங்கரையில நிலம் இருக்குங்கறதுக்காக தண்ணி உன்னுது இல்ல, முன்னாடி எடுத்தவன் பத்து மைல் தள்ளி இருந்தாலும் அவனுது தான்.

அதாவது சுத்தமான க்யூ. ஒவ்வொரு உரிமைக்கும் ஒரு தேதி. ஆத்துல தண்ணி குறைஞ்சா 1860கள்ல உரிமை வாங்கினவன் "எனக்கு வரல"ன்னு குரல் கொடுப்பான். அதிகாரி க்யூவோட கடைசில இருந்து ஒவ்வொருத்தனா மதகை மூடிக்கிட்டே வருவாரு. பாதிப் பாதியா பிரிச்சுக்கறது எல்லாம் கிடையாது. முன்னாடி நிக்கிறவனுக்கு முழுசு, பின்னாடி நிக்கிறவனுக்கு பூஜ்யம்.

இந்த க்யூல மழை கூட உண்டு. கூரையில விழுற மழையை பீப்பாயில புடிக்கறதே அங்க ரொம்ப காலம் பெரும்பாலான வீடுகளுக்குத் தடை. 2016ல தான் வீட்டுக்கு ரெண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன் வரைக்கும் வச்சுக்கலாம்னு சட்டம் போட்டாங்க. கூரைத் தண்ணிக்கே இந்தக் கெடுபிடின்னா குழித் தண்ணிக்கு கேக்கணுமா?

ஆனா கேக்காம தான் இருந்தாங்க, ரொம்ப நாளைக்கு. காரணம், நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாது. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கரண்டும் நல்ல பம்புசெட்டும் வந்ததும் சவுத் பிளாட் பள்ளத்தாக்குல கிணறுங்க மளமளன்னு பெருகுச்சு. ஆத்தோரக் கிணறு எடுக்கற தண்ணி ஆத்துக்குப் போக வேண்டிய தண்ணி தான். கொஞ்சம் தாமதமா ஆறு குறையும், அவ்ளோ தான் வித்தியாசம். வாய்க்கால்காரங்க சண்டைக்கு வந்தாங்க. 1965ல கிணத்துக்கு பெர்மிட் கட்டாயம்னு சட்டம் வந்துச்சு. 1969ல அதைவிடப் பெரிய சட்டம்: ஆத்துத் தண்ணியும் அதோட தொடர்புள்ள நிலத்தடி நீரும் ஒண்ணு தான், ரெண்டுக்கும் ஒரே க்யூ. மாநிலத்தை 7 வடிநிலப் பிரிவா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனித் தண்ணீர் கோர்ட் வச்சாங்க. ஆமா, தண்ணி வழக்குக்குன்னே ஜட்ஜ்.

அந்த 1969 சட்டத்துல ஒரு நல்ல சந்தும் வச்சாங்க. க்யூல கடைசி ஆளா இருந்தாலும் நீ தண்ணி எடுக்கலாம், ஆனா உன்னால ஆத்துல குறையற அளவை, குறையற நேரத்துக்கு, குறையற இடத்துல வேற எங்கேருந்தாவது வாங்கி விட்டுடணும். இதுக்கு ஈடுகட்டும் திட்டம்னு பேர் வச்சுக்குவோம். முன்னாடி நிக்கிறவனுக்கு நஷ்டம் இல்லாம பின்னாடி நிக்கிறவனும் பிழைக்கற வழி.

இப்ப நம்ம குழிக்கு வருவோம்.

ஆறு கொண்டு வந்து போட்ட நல்ல சரளை எல்லாம் ஆத்தங்கரையில தான் கிடக்கும். டென்வர் வளர வளர ரோடு, வீடு, பாலம் எல்லாத்துக்கும் கான்கிரீட், கான்கிரீட்டுக்கு சரளை. அது வெயிட்டான சரக்கு, தூரத்துல இருந்து கொண்டு வந்தா லாரி வாடகையே முழுங்கிடும். அதனால ஊருக்குப் பக்கத்துலயே தோண்டணும். 1973ல மக்கள்தொகை அதிகமான கவுண்ட்டிகள் எல்லாம் இந்தக் கனிமம் இருக்கற இடத்தை வீடு கட்டி மூடிடாம காப்பாத்தணும்னு சட்டமே போட்டாங்க. 1976ல தோண்டினவன் நிலத்தை சீர்படுத்திட்டுப் போகணும்னு இன்னொரு சட்டம். சீர்படுத்தறதுக்கு குவாரிக்காரனுக்கு ரொம்ப சுலபமான வழி என்ன? அப்படியே விட்டா ஏரி! கரையை சரிச்சு, நாலு மரம் நட்டு, வாத்து வந்துச்சுன்னா "சீர்படுத்தியாச்சு".

பார்க்க அழகா தான் இருக்கும். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. அந்தப் பக்கம் திறந்த தண்ணிப் பரப்புல இருந்து வருஷத்துக்கு 40 அங்குலத்துக்கு மேல ஆவியாகும். குழி தோண்டறதுக்கு முன்னாடி அங்க விழுற மழையில பெரும்பங்கு எப்படியும் புல்லுக்குத் தான் போயிருக்கும், ஆத்துக்கு வந்திருக்காது. அதனால பெய்யற மழையில சுமார் 70 சதவீதத்தைக் கழிச்சுக்குவாங்க. மேல ஐஸ் மூடியிருக்கற காலத்துக்கும் கணக்கு கிடையாது. எல்லாம் கழிச்சு வருஷத்துக்கு சுமார் இரண்டரை அடி ஆழத் தண்ணி காத்துல போகுதுன்னு வையுங்க. 40 ஏக்கர் குழின்னா 100 ஏக்கர்-அடி. ஒரு ஏக்கர்-அடி 12.3 லட்சம் லிட்டர். அப்போ வருஷத்துக்கு 12 கோடி லிட்டருக்கு மேல. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில அளந்தா பத்தாயிரம் லாரி! ஒரே ஒரு குழிக்கு, ஒரே வருஷத்துக்கு. மோட்டார் சத்தமே இல்லாம.

இது போக, குவாரி ஓடும்போது வேற செலவு. கழுவி அனுப்பற சரக்கோட எடையில 4 சதவீதம் தண்ணின்னு கணக்கு வைக்கறாங்க. 10 லட்சம் டன் சரக்கு லாரியில ஏறினா கூடவே 40,000 டன் தண்ணியும் ஏறிப் போகுது. புழுதி அடங்கத் தெளிக்கற தண்ணி தனி.

"நாங்க எடுக்கறது கல்லு, தண்ணி இல்ல. இது கிணறே இல்ல"ங்கறது குவாரி தரப்பு வாதம். பழைய வாய்க்கால்காரங்க விடல. டென்வருக்கு வடக்க காஷ் லா பூடர்னு ஒரு ஆறு (பேரைப் படிக்கறதுக்குள்ள நாக்கு சுளுக்கும் :-) ), சவுத் பிளாட்ல போய் சேர்றது. அந்த ஆத்துத் தண்ணி உபயோகிக்கறவங்க சங்கம் ஒருபக்கம், த்ரீ பெல்ஸ் ராஞ்ச், ஜிகன் சாண்ட் அண்ட் கிராவல்னு ரெண்டு பார்ட்டி எதிர்ப்பக்கம். 1988ல கொலராடோ உச்சநீதிமன்றம் ரெண்டு வழக்குலயும் தீர்ப்பு சொல்லுச்சு. சட்டத்துல கிணறுக்கு இருக்கற வரையறை ரொம்ப அகலம். நிலத்தடி நீரை வெளிய கொண்டு வந்து பயன்படுத்தற எந்த அமைப்பும் கிணறு தான், அதுக்கு உறையும் ராட்டினமும் இருக்கணும்னு அவசியம் இல்ல. கல்லு எடுத்த குழியை ஏரியா வச்சுக்கறதும் அதுல அடங்கும். ஆவியாப் போறதும் ஆத்துல இருந்து எடுத்தது தான், அதை ஈடுகட்டணும்.

எனக்கு இந்தக் கதையில ரொம்ப பிடிச்ச இடம் இது தான். "என்ன மெஷின் வச்சிருக்க?"ங்கற கேள்வியை விட்டுட்டு "உன்னால ஆத்துல எவ்ளோ குறைஞ்சுது?"ங்கற கேள்விக்கு மாறினாங்க. எண்ணம் என்ன, லாபம் என்னன்னு பார்க்கல. கீழ்ப்பக்கம் இருக்கறவனுக்கு வந்து சேரலையா, அவ்ளோ தான் விஷயம்.

தீர்ப்பு வந்ததும் தொழில் ஆடிப் போச்சு. எவ்வளவோ குழி ஏற்கனவே தோண்டி, பாதி கம்பெனி போயே போயாச்சு. எல்லாத்துக்கும் பழைய பாக்கி சேர்த்து கேட்டா யார் கொடுப்பா? 1989ல சட்டசபை ஒரு சமரசம் பண்ணுச்சு. சரளைக்காக தோண்டி நிலத்தடி நீரை வெளிக்காட்டற எல்லாரும் ஸ்டேட் இன்ஜினியர்கிட்ட கிணறு பெர்மிட் வாங்கணும். க்யூல உரிமை இல்லேன்னா தண்ணீர் கோர்ட்ல ஈடுகட்டும் திட்டம் போடணும், இல்ல ஸ்டேட் இன்ஜினியர்கிட்ட தற்காலிக மாற்று ஏற்பாடு காட்டணும். 600 அடிக்குள்ள வேற கிணறு இருந்தா அவங்க சம்மதத்தையும் பார்க்கணும். ஏன்னா குழியை காய வச்சு தோண்ட மோட்டார் போட்டு இறைச்சா பக்கத்து வீட்டுக் கிணறு வத்திடும். எடுத்த தண்ணியை ஆத்துல விட்டாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதனால பிரயோஜனம் இல்லையே.

ஆனா ஒரு கோடு போட்டாங்க: 1980 டிசம்பர் 31. அதுக்கு அப்புறம் வெளிய தெரிஞ்ச தண்ணிக்குத் தான் இந்தக் கணக்கு. அதுக்கு முன்னாடி திறந்த பரப்புல ஆவியாகறதை ஈடுகட்ட வேண்டாம்.

ஒரே ஆறு, ஒரே வெயில், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழி. 1979ல தோண்டினதுக்கு இலவசம், 1982ல தோண்டினதுக்கு வருஷா வருஷம் தண்டம். முதல்ல வந்தவனுக்கு முதல் உரிமைங்கற தத்துவம் தான் இங்கயும் வேலை செஞ்சுதுன்னு சிலர் சொல்லலாம். நான் ஒத்துக்க மாட்டேன். அந்தப் பழைய குழிக்காரனை விட நூறு வருஷம் முன்னாடி வந்த விவசாயி கீழ இருக்கான். அவன் பங்குல இருந்து தான் அந்த இலவசம் போகுது. 2006 மே மாசம் சவுத் பிளாட்ல சரியான ஈடு காட்டாத 400க்கும் மேற்பட்ட விவசாயக் கிணறுங்களை மாநிலம் மூட வச்சுது. விதைச்ச வயலைப் பார்த்துக்கிட்டு பம்பை நிறுத்தினாங்க. அதே நேரம் பழைய குழிங்க பாட்டுக்கு ஆவி விட்டுக்கிட்டு இருந்துச்சு. சட்டப்படி ரெண்டும் வேற வேற விஷயம். பம்பை நிறுத்தினவன் மனசுல அப்படி இருந்திருக்குமா?

சரி, அடுத்த சிக்கல். இது நம்ம பொட்டி தட்டற மக்களுக்கு ஈசியா புரியும். ஒரு ப்ரோகிராம் மெமரியைப் புடிச்சுட்டு திருப்பிக் கொடுக்காம மண்டையப் போட்டா? மெமரி லீக். குவாரியும் அப்படித்தான். கம்பெனி இருபது வருஷம் தோண்டும், காசு பார்க்கும், மூடிட்டுப் போயிடும். குழி போகாது. கம்பெனி இருக்கறவரைக்கும் வருஷா வருஷம் தற்காலிக ஏற்பாட்டைப் புதுப்பிச்சு, தண்ணியைக் குத்தகைக்கு வாங்கி ஆத்துல விட்டுடும். கம்பெனி திவாலானா? குத்தகை முடியும், ஆவியாதல் முடியாது.

2010 ஏப்ரல்ல மாநிலத்தோட சுரங்கத் துறை இதுக்கு ஒரு முடிவு கட்டுச்சு. தண்ணி வெளிய தெரியற குவாரி எல்லாத்துக்கும் கடிதம் போட்டாங்க. குழியை மண் போட்டு மூடுறதுக்கோ, சுத்தி தடுப்பு கட்டுறதுக்கோ ஆகற செலவை முன்கூட்டியே ஜாமீனாக் கட்டு. இல்லேன்னா நிரந்தரமா ஈடுகட்டற தண்ணி உன் பேர்ல இருக்குன்னு காட்டு. "அப்புறம் பார்த்துக்கலாம்"ங்கற கதையே கிடையாது. 1989 சட்டம் வந்து 21 வருஷம் கழிச்சுத் தான் "நீ போனப்புறம் யாரு?"ங்கற கேள்வியை பணமா மாத்தி மேஜையில வச்சாங்க.

தடுப்பு கட்டறதுன்னு சொன்னேனே, அது அருமையான இன்ஜினியரிங். குழியைச் சுத்தி ஒரு ஒல்லியான அகழி வெட்டி, கீழ இருக்கற இறுகின களிப்பாறை வரைக்கும் இறக்கி, பென்டோனைட் களிமண்ணும் மண்ணும் கலந்து ரொப்புவாங்க. பூமிக்குள்ள ஒரு சுவர். அப்புறம் நிலத்தடி நீர் உள்ள வராது, உள்ள இருக்கறது வெளிய போகாது. குழி இப்ப கிணறு இல்ல, தொட்டி. சும்மா "கட்டிட்டேன்"னு சொன்னா பத்தாது, 90 நாள் கசிவு டெஸ்ட் பாஸ் பண்ணணும். 1999லயே ஸ்டேட் இன்ஜினியர் இதுக்கு விதிமுறை போட்டுட்டாரு. இதுக்கும் பக்கவிளைவு உண்டு. பூமிக்குள்ள ஓடற தண்ணிக்கு குறுக்க சுவர் வச்சா மேல்பக்கம் மட்டம் ஏறும், கீழ்ப்பக்கம் இறங்கும். ஒருத்தன் வீட்டு பேஸ்மென்ட்ல தண்ணி, இன்னொருத்தன் கிணத்துல காத்து.

இங்க தான் கதை திரும்புது. தொட்டின்னு ஆனதும் நகரங்களுக்கு மூக்குல வேர்த்துச்சு. மலையில புது அணை கட்டறது இப்ப குதிரைக் கொம்பு. ஆத்தோரமா ரெடிமேடா குழி இருக்கு, தோண்டின செலவு குவாரிக்காரனுது. டென்வர், தார்ன்டன் மாதிரி ஊருங்க எல்லாம் சரளைக் குழிங்களை நீர்த்தேக்கமா மாத்தி வச்சிருக்கு. ஒரு காலத்துல தண்ணித் திருடன்னு கோர்ட்ல நின்ன குழி, இன்னைக்கு தண்ணி வங்கி.

கேக்க சந்தோஷமாத் தான் இருக்கு. ஆனா அந்தத் தொட்டியில நிரப்பற தண்ணி எங்கேருந்து வருது? குவாரி ஈடுகட்டற தண்ணி தான் எங்கேருந்து வருது? புதுசா வானத்துல இருந்து வரல. ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒரே இடம், விவசாயிகளோட பழைய வாய்க்கால் பங்கு. காசு கொடுத்து வாங்கி, அந்த வயலைக் காயப் போட்டு, அது குடிச்சிருக்க வேண்டிய தண்ணியை கணக்குல காட்டுவாங்க. வாங்கு, காயப்போடு. சட்டப்படி எல்லாமே சரி. விக்கிறவரும் விருப்பப்பட்டுத் தான் விக்கிறாரு, நல்ல விலையும் வாங்கறாரு. ஆறு குறையல, க்யூ குலையல. கடைசில ஒரு குழி ஈரமா இருக்க ஒரு வயல் காயுது. அந்த வயலை நம்பின கூலி ஆளுக்கும், விதைக் கடைக்காரருக்கும் க்யூல இடமே கிடையாது.

அதனால இந்த விதிகளை நான் குறை சொல்றேனான்னா, இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஆவியைக் கூட அளந்து, அதுக்கு ஒரு பொறுப்பாளியைக் கண்டுபிடிச்சு, அவன் ஓடிப் போனாலும் பணம் இருக்கற மாதிரி கட்டிப் போட்டது சாதாரண வேலை இல்ல. ஆனா இந்தக் கணக்கு ஆத்தை மட்டும் தான் காப்பாத்துது. ஆத்தை நம்பின ஊரைக் காப்பாத்தறது அதோட வேலைப் பட்டியல்லயே இல்ல. கணக்கு டேலி ஆகறதும் நியாயம் நடக்கறதும் ஒண்ணு இல்லேங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரைக்கும் கிடைக்கல.

நீங்க என்ன நினைக்கறீங்க? 1980 டிசம்பர் 31ன்னு கோடு போட்டது சரியா, இல்ல பழைய குழிக்கும் பில் போட்டிருக்கணுமா? பின்னூட்டத்துல கும்முங்க.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்ல. இதை நம்பி யாரும் கொலராடோவுல குழி தோண்டாதீங்க.

டிஸ்கி 2: பதிவு நீளமாயிடுச்சுன்னு தெரியும். 40 ஏக்கர் குழியைப் பத்தி நாலு வரியில எழுத முடியாதுங்க :-)